பையை அமுக்கிய கை

கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பை நிறைந்து வாய்வரை வந்துவிட்டாலும் உடனே அதைத் தூக்கிக்கொண்டு நிறுக்கிற மடுவத்துக்கு நடக்கமாட்டார்கள். மடுவம் மலைக்குக் கீழே இருக்கும். போய்த் திரும்பினால் அரை மணிநேரம் போய்விடும். அதனால் கையை மடக்கி, பையின் நடுவில் வைத்து, உடம்புப் பாரத்தையும் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்குவார்கள். கொழுந்து ஒரு சாண் கீழே இறங்கும். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எடுத்துப் போடலாம். அமுக்கினால் கொழுந்து சூடேறிக் கறுத்துப்போகும் என்று கங்காணி கத்துவார். அவர் இந்தப் பக்கம் கத்தும்போது அந்தப் பக்கம் அமுக்குவார்கள். பல வருடம் இப்படிச் செய்த கைக்கு, நிறைந்த எதைக் கண்டாலும் அமுக்கத் தோன்றும். என் அம்மா அரிசி டின்னைக்கூட அமுக்குவார். அரிசி அமுங்காது. அப்படியும் அமுக்குவார்.

இந்தப் பழக்கம் ஒரு பெண்ணை என்ன செய்தது என்பதை எழுதுகிறேன். அவளும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தோம். அன்று அவள் அமுக்கிய பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் துணிக்கடை, பெரகலையில் சாப்பாட்டுக்கடை, வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி என்று சுற்றியிருக்கிறேன். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் விரட்டவில்லை, கால்தான் நிற்கவில்லை. டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்ற காலத்தில் அந்த வேலையும் போனது. அதற்குள் லீக்ஸ் மூட்டை தூக்கி இடுப்பும் பாதி போயிருந்தது. அப்போதுதான் ஒருவர் இந்த ஆஸ்பத்திரியைச் சொன்னார்.

மலைப்பாதையோரம் இருந்த சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. இருபது சொச்சம் கட்டில். துப்புரவு வேலையை வெளியே ஒரு கம்பனிக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகவே நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்தோம், ஆனால் ஆஸ்பத்திரி ஆட்கள் இல்லை. தாதிமாருக்கு நோய்த் தடுப்பூசி போட்டபோது எங்களைக் கூப்பிடவில்லை. எங்களுக்கு மேலே கம்பனி ஒரு சூப்பர்வைசரை வைத்திருந்தது. தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால் அவருக்குப் பின்னால் அவரைக் கங்காணி என்றுதான் சொல்வோம். காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து வார்ட் பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். எனக்கு அங்கே பிடித்துப்போன ஒரே விஷயம், சாமான் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை தந்தார்கள் என்பது. மழை ஒழுகாது. பின்பக்கச் சுவர் சலவை இயந்திரத்தோடு ஒட்டியிருந்ததால் சூடாக இருக்கும். நாற்பது வயது தாண்டியபின் அந்தச் சூட்டை விட்டுப்போக மனம் வரவில்லை.

வேலை உடம்பைத் தின்றது. தரை துடைக்கும் குளோரின் தண்ணீர் கையைத் தோலுரித்தது. கையுறை கொடுத்தார்கள். ஒரு சோடியைக் கிழியும்வரை கழுவிக் கழுவிப் போட்டோம். ஆண்கள் குறைவு என்பதால் நடக்க முடியாத நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்குவதும் என் தலையில் விழுந்தது. ஒருநாள் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த ஒருவர் என் நெஞ்சில் உதைத்தார். மறுநாள் தெளிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். இதெல்லாம் வேலையில் இருக்கிறதுதான். எல்லா வேலையிலும் ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். பதினேழு வருடம் கொழுந்து எடுத்தவள். தோட்டத்தில் வேலைநாள் குறைந்துபோனதும் இங்கே வந்தாள். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. எத்தனை குளோரினில் முக்கினாலும் அது போகவில்லை. என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். புருஷன் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தார். இரண்டு பெண்பிள்ளைகள். வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராதான், அதாவது ஓர் அறைதான், அவர்கள் வீடு. அவளுக்கு இந்த வேலை நிரந்தரம் இல்லை. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதற்கு ஏஜென்சியில் பெயர் கொடுத்திருந்தாள். மெடிக்கல் எடுக்கக் கூப்பிடும்வரை இங்கே இருப்பதாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு வருசம்ண்ணே. கண்ண மூடித் தொறந்தா ஓடிரும். வந்து லயத்த விட்டு எறங்கி தனியா ஒரு வீடு கட்டிருவேன். கதவத் தொறந்தா அடுத்த வூட்டுக்காரன் கொறட்ட கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"குவைத்துல கொறட்ட விட மாட்டாங்களா?"

"அங்க விட்டா அராபியில விடுவாங்க. எனக்குப் புரியாது."

அவள் அமுக்குவதை நான் முதல் வாரமே பார்த்தேன். குப்பைப் பைகளைக் கங்காணி எண்ணித்தான் கொடுப்பார். ஒரு வார்டுக்கு ஒரு வேளைக்கு ஒரு பை. குப்பை அதைவிட அதிகமாக இருக்கும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு மீதியைப் பழைய உரப் பைகளில் திணிப்பார்கள். அவள் முணுமுணுக்கவில்லை. பையை நிறுத்தி, கையை மடக்கி, கொழுந்தை அமுக்குவதுபோலவே அமுக்கினாள். இரண்டு பைக் குப்பை ஒரு பைக்குள் போனது. வாயைத் திருகிக் கட்டி என் தள்ளுவண்டியில் வைத்தாள்.

கங்காணிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த நாள் பெரட்டில் எல்லாருக்கும் அவளைக் காட்டினார். "இதப் பாத்துப் படிங்க. தோட்டத்துல இருந்து வந்த பொம்பள எப்புடிப் பை கட்டுதுன்னு." அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். தோட்டத்தில் பதினேழு வருடம் அமுக்காதே என்று ஏச்சு வாங்கியவளை இங்கே அமுக்கியதற்காகப் புகழ்ந்தார்கள். அதற்குப்பின் எல்லாருமே அமுக்கத் தொடங்கினார்கள். நானும் அவளுக்கு வசதியாகப் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பேன். குப்பைக்குள் கை விடக்கூடாது என்று சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதைத் தினமும் துடைத்தவனும் நான்தான்.

ஊசிகளைக் குப்பைப் பையில் போடக்கூடாது. அதற்கென்று கெட்டி அட்டையில் மஞ்சள் பெட்டி ஒன்று ஒவ்வொரு வார்டிலும் இருக்கும். நடுவில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிட்டுப் புதியது வைக்கவேண்டும். அந்த வாரம் புதிய பெட்டி வரவில்லை. பெண்கள் வார்டில் பழையது வாய்வரை நிறைந்து, ஊசிகள் முள்ளம்பன்றிபோல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அவசரத்தில் யாரோ ஒருவர் ஓர் ஊசியைப் பஞ்சோடு சேர்த்துப் பையில் போட்டிருக்கிறார். யார் என்று தெரியாது. தெரிந்தாலும் அந்த ஆளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. போடப் பெட்டி இல்லை.

காலை பத்து மணி இருக்கும். நான் பையைப் பிடித்திருந்தேன். அவள் அமுக்கினாள். "ஸ்" என்று கையை எடுத்தாள். கையுறையைக் கழற்றினால், உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி மெதுவாகப் பெரிதாகி மணியளவு இரத்தமாக நின்றது. பைக்குள் எட்டிப் பார்த்தேன். பஞ்சுக்கு நடுவே ஊசி நின்றது. குழாயில் கொஞ்சம் இரத்தம் இருந்தது.

"என்னா புள்ள, ஊசியா?"

"ஊசிதான். வுடுங்கண்ணே. தேயில வாது குத்தாத நாளு உண்டா?"

இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, சுண்ணாம்பைத் தொட்டு அந்த இடத்தில் தேய்த்தாள். மலையில் எது குத்தினாலும் கீறினாலும் இதுதான் மருந்து. அட்டை கடித்தாலும் இதுதான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவளே கேட்டாள். "அண்ணே, இது எதும் புத்தகத்துல எழுதணுமா?"

விபத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. கங்காணியின் மேசை லாச்சியில் இருக்கும். அதில் எழுதினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்திருந்தோம். படியில் வழுக்கி விழுந்த ஒரு பெண் எழுதினாள். கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை. தங்கச்சிக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. இரத்தம், ஊசி என்று எதையாவது எழுதி, அது எப்படியாவது ஏஜென்சிக்குத் தெரிந்து, மெடிக்கலில் பிரச்சினை வந்துவிட்டால் என்ன செய்வது?

நான் யோசித்தேன். ஆனால் அவளுக்காக மட்டும் யோசிக்கவில்லை. குப்பைக்குள் கை விட்டபோது பக்கத்தில் யார் நின்றது என்று கேட்பார்கள். நீ ஏன் தடுக்கவில்லை என்பார்கள். சூடான சுவர் உள்ள அறை ஞாபகம் வந்தது.

"எழுதாத," என்றேன். "நல்லாக் கழுவிட்டு வா. ஒண்ணும் ஆவாது."

அவள் கழுவிவிட்டு வந்தாள். அந்தப் பையை நான் கட்டினேன்.

பத்தொன்பது நாள் கழித்து, தொற்று பற்றி வகுப்பெடுக்க வெளியே இருந்து ஒரு டாக்டர் அம்மா வந்தார். எங்களையும் கூப்பிட்டு மண்டபத்தின் பின்பக்கம் உட்கார வைத்தார்கள். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல ஒரு தாதி தமிழில் சொன்னார். பாவித்த ஊசி குத்தினால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். எதையும் போட்டுத் தேய்க்கக்கூடாது. உடனே வந்து சொல்ல வேண்டும். மஞ்சட்காமாலைக் கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தாலும், முதல் ஓரிரு நாளுக்குள் வந்தால் ஊசி போட்டு அநேகமாகத் தடுத்துவிடலாம். நாள் போகப் போகப் பலன் குறைந்துவிடும்.

அவள் எனக்கு முன் வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார் டாக்டர் அம்மா. அப்போதாவது நான் எழுந்திருக்கலாம். நாற்காலியில் கை வைத்து எழவும் பார்த்தேன். கங்காணி கதவருகே நின்று யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்தபின் அவள் சொன்னாள்: "பத்தொம்பது நாளு."

"எல்லா ஊசியிலயுமா இருக்கும்? ஆயிரத்துல ஒண்ணுல இருந்தா பெருசு."

அந்தக் கணக்கு நான் போட்டது. எனக்கு எதுவும் தெரியாது.

"ஆமாண்ணே," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள்.

ஏஜென்சி நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டது. அதற்கு முந்தின வாரங்களில் அவள் அடிக்கடி களைத்துப்போனாள். சோறு பிடிக்கவில்லை என்றாள். குவைத்துக்குப் போகிற பயம் என்று நாங்கள் கேலி செய்தோம். ஒரு பச்சைப் புடவை கட்டிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அன்ஃபிட்டுன்னுட்டாங்க."

வாளியை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சட்காமாலை பி என்றார்கள். அன்று புருஷனும் கூடப் போயிருந்தார். டாக்டர் நல்லவிதமாகத்தான் விளக்கியிருக்கிறார். பெரியவர்களுக்கு வந்தால் அநேகம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடும், சிலருக்குப் போகாது, பொறுத்துப் பார்ப்போம் என்றாராம். எப்படி வரும் என்றும் சொன்னாராம். இரத்தத்தால் வரும், ஊசியால் வரும், ஆண் பெண் உறவால் வரும். புருஷனையும் பிள்ளைகளையும் சோதித்தார்கள். அவர்களுக்கு இல்லை. தடுப்பூசி போட்டார்கள். லயத்துக்கு வந்ததும் அந்த மனிதர் கேட்டாராம்: "எனக்கு இல்ல. புள்ளைகளுக்கு இல்ல. ஒனக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

ஊசி குத்தியது என்றாள்.

எப்போது என்றார்.

சொன்னாள்.

அப்போது ஏன் சொல்லவில்லை என்றார். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான். ஆனால் கேட்பவருக்கு உண்மைபோல் படாது.

அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெலிந்த, உயரமான ஆள். தேயிலைத் தூள் படிந்து புருவம் பழுப்பாக இருந்தது. கங்காணியின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் நடைபாதையின் மறுகோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கங்காணி லாச்சியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க. ஊசி குத்துன கேஸ் ஒண்ணுமே இல்ல. இங்க நடந்திருந்தா இதுல இருக்கணும். எங்க புடிச்சாங்கன்னு நாங்க எப்புடிங்க சொல்றது?"

அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நன்றி சொன்னார். நன்றி சொன்னது என் காதில் விழுந்தது. என்னைக் கடந்துதான் வாசலுக்குப் போகவேண்டும். ஈரத்தரையில் அடி வைக்கத் தயங்கி, ஓரமாக நடந்து போனார். நான் வழிவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவள் வேலையை விடவில்லை, வேலைதான் அவளை விட்டது. இந்த நோய் உள்ள ஆளை வார்டில் வைக்க முடியாது என்று கம்பனி சொல்லிவிட்டது. தாதி ஒருவர் இது தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது என்று வாதாடிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கடைசி நாள் கையுறைகளைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல. நீங்க ஒருக்கா வந்து அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். வேலயும் வேணாம், குவைத்தும் வேணாம். ஊசிதான் குத்துச்சுன்னு அவரு நம்பணும். அது போதும்."

"வாறேன்."

"நெசமா?"

"ஞாயித்துக்கெழம வாறேன்."

அந்த ஞாயிறு போகவில்லை. மழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் மழை. மூன்றாவது ஞாயிறு வெயில் அடித்தது, போனேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்றரை மைல் ஏறவேண்டும். லயத்தின் முன்பக்கம் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் காம்பரா என்று கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிக் காம்பராவைக் கையால் காட்டினார்கள். வாசல் திண்ணையில் ஒதுக்கமாக ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் விளிம்புக்குக் கீழே அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது யாருடைய டம்ளர் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

புருஷன் மரியாதையாக உட்காரச் சொன்னார். அவள் அடுப்படியில் இருந்தாள், வெளியே வரவில்லை. மூத்த பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இனிப்பு சரியாக இருந்தது. நான் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பெட்டி நிறைந்தது, பை குறைந்தது, அமுக்கியது, ஊசி நின்றது, எழுதவா என்று அவள் கேட்டது, எழுதாதே என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒங்க கண்ணால பாத்தீங்களா?"

"பக்கத்துல நின்னேன் தம்பி. பையோட வாயப் புடிச்சுகிட்டு நின்னது நாந்தான்."

"நீங்க பையப் புடிக்க, அவ அமுக்குவா."

"ஆமா."

"தெனமும்?"

"தெனமுந்தான். வேல அப்புடி."

"அன்னைக்கு ஊசி குத்துன ஒடனே ஒங்ககிட்ட சொல்லியிருக்கா."

"பக்கத்துல நின்னனே தம்பி. சொல்ல என்னா இருக்கு?"

"எழுதவான்னு ஒங்ககிட்டதான் கேட்டிருக்கா. நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீங்க. அதக் கேட்டுகிட்டு சும்மா இருந்திருக்கா." குரல் உயரவே இல்லை. "நாலு மாசம். ஒரே காம்பராவுல, ஒரே பாயில படுத்து எந்திரிச்ச எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்."

அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. வாயை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. "அவ என் தங்கச்சி மாதிரி" என்றேன். அதைவிட மோசமான வார்த்தை அந்த நேரத்தில் வேறு எதுவும் இல்லை.

"ஒங்களுக்கு பொண்டாட்டி புள்ள இருக்கா?"

"இல்ல."

"எந்த ஊரு நீங்க?"

"அப்புடி ஒண்ணும் இல்ல. சுத்திகிட்டே இருக்கிறவன்."

அவர் தலையை ஆட்டினார். தேடிக்கொண்டிருந்த ஒன்று கிடைத்துவிட்ட மாதிரி ஆட்டினார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அவள் குரல் கேட்டது: "அந்த மனுசனப் போகச் சொல்லுங்க. போதும். போகச் சொல்லுங்க." யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னை அண்ணே என்று சொல்லாதது மட்டும் தெரிந்தது.

நான் எழுந்தேன். அவர் என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். உள்ளே கொண்டுபோய்க் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். மீதித் தேத்தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, சிவப்பு நூல் கட்டிய டம்ளருக்குப் பக்கத்தில் என் டம்ளரையும் கவிழ்த்து வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். அதை முன்வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

இறங்கி வரும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பெண் நாயை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கங்காணியிடம் போய் விபத்துப் புத்தகத்தைக் கேட்டேன். எதற்கு என்றார். அந்த ஊசியை எழுதவேண்டும், நான் சாட்சி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அஞ்சு மாசத்துக்கு முந்தின தேதிய இப்ப எழுதவா? புத்தகத்துல எங்கய்யா எடம் இருக்கு? வரிசையா எழுதியிருக்கு பாரு."

உண்மைதான். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எழுதியிருந்தார்கள். நடுவில் இடம் இல்லை. கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன் என்றேன். பேனையைப் பிடித்தேன். எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் நான்கு வரி எழுதிக் கையொப்பம் வைத்தேன். அவர் தடுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் எனக்கு இனி வேலை இல்லை என்றார்கள். அறையைக் காலி செய்தேன். அந்தப் பக்கம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

நான் போவதற்கு முன்பே அவள் இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்திருந்தாள். இன்னொரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். முதல் நாளே பை நிறைந்ததும் கையை மடக்கினாள்.

"அமுக்காதீங்க," என்றேன். "உள்ள ஊசி இருக்கும்."

"பிறகு எப்புடிண்ணே? பை ஒண்ணுதானே குடுத்திருக்காங்க," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அமுக்கினாள்.

தங்கச்சியைப் புருஷன் அவளுடைய அம்மா இருக்கிற லுணுகலைப் பக்கத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டதாக ஒரு தாதி மூலம் கேள்விப்பட்டேன். சின்னவளை அவளோடு அனுப்பியிருக்கிறார், பெரியவளை வைத்துக்கொண்டார். ஊர் என்ன சொல்கிறது என்பதையும் அந்தத் தாதி சொன்னார். அந்தக் கதையில் ஊசி இல்லை. நான் இருந்தேன். என் வாயால் போய்ச் சொல்லிவிட்டு வந்த கதை அது. நான் போகாமல் இருந்திருந்தால், காலம் போகப் போக அவர் நம்பியிருக்கவும் கூடும்.

நான் மறுபடி வெலிமடைக்குப் போனேன். மூட்டை தூக்க இடுப்பு இல்லாததால் கரட் கழுவுகிற இடத்தில் நிற்கிறேன். அதற்குள் என் இரத்தத்தையும் சோதித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

போன வருடம் மரக்கறி லொறியில் ஒரு தடவை லுணுகலைக்குப் போனபோது அவளைக் கண்டேன். கடைத்தெருவில், கையில் சின்னவளைப் பிடித்துக்கொண்டு கருவாடு வாங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"கிளினிக்குப் போறியா?" என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"போறேன். ஆறு மாசம் முடிஞ்சு பாத்தாங்க, இருந்துச்சு. பொறகும் பாத்தாங்க, இருந்துச்சு. இனி இருக்கும்னுட்டாங்க."

"அவரு வந்தாரா?"

"இல்ல."

"பெரியவ?"

"அவ அப்பாகிட்ட இருக்கா. வரமாட்டா."

கடைக்காரர் கருவாட்டை நிறுத்துப் பைக்குள் போட்டார். அரிசியும் பருப்பும் ஏற்கனவே இருந்ததால் பை நிறைந்து வழிந்தது. அவள் கையை மடக்கி, பையின் வாயில் வைத்தாள். அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு கருவாட்டுப் பொட்டலத்தை வெளியே எடுத்துச் சின்னவளின் கையில் கொடுத்தாள்.

"வாறேன்" என்றுகூடச் சொல்லவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறினாள். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.